கணினி எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்தால்: விண்டோஸின் புதிய வசதிகளும் எங்களுடைய கேள்விகளும்

2024 மே 20ஆம் திகதி மைக்ரோசொப்ட் நிறுவனம் 'ரீகோல்' என்ற புதிய வசதியை அறிவித்தது. கணினித் திரையில் தெரிவதையெல்லாம் சில செக்கன்களுக்கு ஒருமுறை படம் பிடித்து வைத்துக்கொள்ளும் வசதி அது. பிறகொரு நாள் "நீல நிறச் சட்டை போட்டவரின் படம் இருந்த பக்கம்" என்று கேட்டால் தேடி எடுத்துத் தரும். கணினிக்குப் படப்பிடிப்பு ஞாபகசக்தி வந்துவிட்டது என்று அந்த நிறுவனம் பெருமையோடு சொன்னது.

அந்த அறிவிப்பு வந்த அன்றே விவாதமும் தொடங்கிவிட்டது. கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்கள், தனியுரிமை அமைப்புகள், சாதாரணப் பாவனையாளர்கள் என்று பலரும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மைக்ரோசொப்ட் பின்வாங்கியது, திருத்தியது, மீண்டும் வெளியிட்டது. இப்போது அதற்கு அடுத்த கட்டமாக, எங்களுக்காகக் கணினியைத் தானே இயக்கும் 'முகவர்'களை விண்டோஸுக்குள் கொண்டுவரும் திட்டம் பேசப்படுகிறது.

இந்த விவாதம் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது: கள்ளன் உள்ளே புகுவானா? பூட்டு பலமானதா? அது அவசியமான கேள்விதான். ஆனால் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்கிற எங்களுக்கு அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. பூட்டை உடைக்கத் தேவையில்லாமல், "திற" என்று சொல்லக்கூடியவர்கள் வந்தால் என்ன நடக்கும்?

ரீகோல் என்ன செய்கிறது?

இது எல்லாக் கணினிகளுக்குமான வசதி அல்ல. 'கோபைலட் பிளஸ்' என்ற வகைக் கணினிகளில் மட்டுமே வேலை செய்யும். செயற்கை நுண்ணறிவு வேலைகளுக்கென்றே தனியான சில்லு ஒன்று அவற்றில் இருக்கும். அது செக்கனுக்கு 40 ட்ரில்லியன் கணக்குகளைச் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். குறைந்தது 16 ஜிபி ரேமும் 256 ஜிபி சேமிப்பிடமும் தேவை. 256 ஜிபி கணினியில் 25 ஜிபி இடம் ரீகோலுக்கு ஒதுக்கப்படுகிறது. ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கான படங்கள் அதில் அடங்கும் என்று நிறுவனம் சொல்கிறது.

எடுக்கப்படும் படங்கள் மைக்ரோசொப்டுக்கு அனுப்பப்படுவதில்லை, அந்தக் கணினியிலேயே இருக்கின்றன என்பது அதன் விளக்கம். படத்திலுள்ள எழுத்துகளைக் கணினியே வாசித்து, தேடக்கூடியவாறு ஒரு தரவுத்தளத்தில் அடுக்கி வைக்கிறது. நீங்கள் திறந்த கடிதம், பார்த்த புகைப்படம், வாசித்த மின்னஞ்சல் எல்லாம் அதில் சேரும். மூலக் கோப்பை நீங்கள் பிறகு அழித்துவிட்டாலும், அது திரையில் இருந்த கணத்தின் படம் தனியாக இருக்கும்.

இதற்கு ஆதரவான கருத்துகளையும் சொல்லவேண்டும். போன மாதம் எங்கேயோ வாசித்த ஒன்றைத் தேடி மணிக்கணக்கில் அலைவது எல்லோருக்கும் நடப்பதுதான். ஞாபகமறதி உள்ளவர்களுக்கும், பல ஆவணங்களோடு வேலை செய்யும் மாணவர்களுக்கும் இது உண்மையான உதவி. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் தொலைத்த ஒரு சமூகத்துக்கு, எதையும் தொலைக்காத இயந்திரம் என்ற எண்ணமே ஆறுதலாக இருக்கலாம். அந்த ஈர்ப்பைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

எதிர்ப்பும் பின்வாங்கலும்

முதலில் திட்டமிட்டபடி 2024 ஜூன் 18ஆம் திகதி ரீகோல் வெளிவந்திருக்க வேண்டும். அதற்கு முன்னரே, மைக்ரோசொப்டில் முன்பு பணியாற்றிய பாதுகாப்பு ஆய்வாளர் கெவின் போமொன்ட், அந்தத் தரவுத்தளம் யாரும் வாசிக்கக்கூடிய சாதாரண எழுத்தாகவே கணினியில் கிடக்கிறது என்று எடுத்துக்காட்டினார். அலெக்சாண்டர் ஹாகெனா என்ற இன்னொரு ஆய்வாளர், அதிலுள்ளவற்றை மொத்தமாக அள்ளி எடுக்கும் ஒரு சிறிய மென்பொருளையே எழுதிப் பகிரங்கமாக வெளியிட்டார். பிரித்தானியாவின் தகவல் ஆணையாளர் அலுவலகம், அறிவிப்பு வந்து இரண்டே நாட்களில், மைக்ரோசொப்டிடம் விளக்கம் கேட்பதாகத் தெரிவித்தது.

விளைவு உடனே தெரிந்தது. ஜூன் 7ஆம் திகதி நிறுவனம் தன் முடிவை மாற்றியது. பாவனையாளர் தானாக விரும்பித் தெரிவுசெய்தால் மட்டுமே ரீகோல் இயங்கும், முகத்தையோ விரலையோ காட்டித்தான் அதைத் தொடங்கலாம், தரவுகள் மறைகுறியாக்கப்படும் என்று அறிவித்தது. ஒரு வாரத்துக்குள் ஜூன் 18 வெளியீட்டையும் தள்ளிப்போட்டது. செப்டெம்பரில் புதிய பாதுகாப்பு வடிவமைப்பு விளக்கப்பட்டது. விரும்பாதவர்கள் ரீகோலை முழுதாகவே அகற்றிவிடலாம் என்ற உறுதிமொழியும் அப்போதுதான் வந்தது. நவம்பரில் பரீட்சார்த்தமாக ஒரு பகுதியினருக்குக் கொடுக்கப்பட்டு, 2025 ஏப்ரல் இறுதியில் பொதுப் பாவனைக்கு வந்தது.

பாவனையாளர்களின் கருத்துக்குப் பெறுமதி உண்டு என்பதற்கு இது நல்ல உதாரணம். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது ஸ்டார்ட் பட்டனை எடுத்துவிட்டார்கள். எரிச்சலடைந்தவர்களின் குரல் பெரிதாகி, அடுத்த ஆண்டே பட்டன் திரும்பி வந்தது. 2015இல் விண்டோஸ் 10 உடன் முழு மெனுவும் வந்தது. சத்தம் போட்டவர்களுக்கு ஏதோ ஒன்று கிடைத்திருக்கிறது. ஆனால் யார் சத்தம் போட்டார்களோ அவர்களுடைய பயங்களுக்குத்தான் மருந்து கிடைத்தது. ரீகோலிலும் அதுதான் நடந்தது. இணையத்தில் திருடுபவனுக்கு எதிரான பூட்டு பலமானது. எங்களுடைய பயம் அந்த மேசைக்கு வரவேயில்லை.

பூட்டைத் திறக்கச் சொல்பவர்

ரீகோலைத் தொடங்க முகம் அல்லது விரல் வேண்டும். அதன் பிறகு, முகமோ விரலோ வேலை செய்யாத நேரத்தில், இலக்கங்களாலான ஒரு பின் எண்ணை அடித்தும் உள்ளே போகலாம். ஒரு திருடனை மறிக்க இது போதுமாக இருக்கலாம். விசாரணை அறையில் எதிரே இருக்கும் அதிகாரி "பின் நம்பரைச் சொல்" என்று கேட்டால்?

இது கற்பனைக் கேள்வி அல்ல. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் பிடியாணை இல்லாமல் கைது செய்யவும், சோதனையிடவும், பொருட்களைக் கைப்பற்றவும் பொலிஸாருக்கு அதிகாரம் கொடுக்கிறது. அதை நீக்குவதாக அடுத்தடுத்து வந்த அரசாங்கங்கள் சொல்லியிருக்கின்றன. அந்தச் சட்டத்தின் கீழ், நினைவேந்தல் தொடர்பான பேஸ்புக் பதிவுகளுக்காகத் தமிழ் இளைஞர்கள் கைதுசெய்யப்பட்டிருக்கிறார்கள். செயற்பாட்டாளர்களும் ஊடகவியலாளர்களும் விசாரணைக்கு அழைக்கப்படும்போது தொலைபேசி குறித்தும் சமூக வலைத்தளக் கணக்குகள் குறித்தும் கேட்கப்படுவது எங்களுக்குப் புதிய செய்தி அல்ல.

மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாஃப் ஜஸீமின் வழக்கு இங்கே நினைவுக்கு வருகிறது. 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதை நூலுக்காக 2020 மே மாதம் கைதுசெய்யப்பட்டார். 2021 டிசெம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசெம்பரில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அச்சிட்டு வெளியிட்ட, முன்னும் பின்னும் வாசித்துப் பார்க்கக்கூடிய ஒரு நூலுக்கே இந்தக் கதி. இடையில் ஒன்றரை வருடச் சிறை. ஒருவர் மூன்று மாதங்களாகத் திரையில் பார்த்தவற்றின் துண்டு துண்டான படங்கள் அவருக்கெதிராக அடுக்கப்பட்டால், எதை ஏன் பார்த்தார் என்று எப்படி விளக்குவது? ஆய்வுக்காகப் பார்த்ததும், தற்செயலாகத் திறந்ததும், யாரோ வட்ஸ்அப்பில் அனுப்பியதும் அந்தப் படத்தில் ஒன்றுபோலவே இருக்கும்.

மைக்ரோசொப்ட் இதற்கு வைத்திருக்கும் பதில், உணர்திறன் மிக்க தகவல்களை வடிகட்டும் முறை. கடவுச்சொல், கடனட்டை இலக்கம், அடையாள இலக்கம் போன்றவை திரையில் இருந்தால் அந்தப் படத்தைச் சேமிக்காமல் விடுவது அதன் நோக்கம். அது எல்லா நேரமும் சரியாக வேலை செய்யவில்லை என்று தொழில்நுட்ப ஊடகங்கள் சோதித்துக் காட்டின. சரியாக வேலை செய்தாலும் எங்களுக்கு அது எவ்வளவு தூரம் உதவும்? சீருடையோடு நிற்கும் மகனின் படம், மே 18 அன்று ஏற்றிய விளக்கின் படம், கையளிக்கப்பட்ட பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல், சாட்சியம் சொன்ன ஒருவரின் ஊர்ப்பெயர். எந்த வடிகட்டியும் இவற்றை ஆபத்தானவை என்று அடையாளம் காணாது. வங்கிக் கணக்கு வைத்திருப்பவரின் ஆபத்தை அறிந்தவர்கள் எழுதிய வடிகட்டி அது.

மொழி விடயத்தையும் சொல்லவேண்டும். ஆங்கிலம், சீனம், பிரெஞ்சு, ஜேர்மன், ஜப்பானியம், ஸ்பானியம் ஆகிய ஆறு மொழிகளுக்கே ரீகோல் செம்மைப்படுத்தப்பட்டிருப்பதாக மைக்ரோசொப்ட் அறிவித்தது. தமிழ் அதில் இல்லை. ஆனால் படம் எடுப்பதற்கு மொழி தேவையில்லை. தமிழில் எழுதுகிறவருக்குத் தேடும் வசதி அரைகுறையாகவே கிடைக்கலாம். அவருடைய திரையின் படமோ முழுதாகச் சேமிக்கப்படும். அதை வாசிக்க ஒரு தமிழ் தெரிந்த மனிதர் போதும்.

போர்க்காலத்தில் எத்தனையோ குடும்பங்கள் அல்பங்களை எரித்தன, புதைத்தன, சில படங்களில் ஒருவரை மட்டும் வெட்டி எடுத்தன. எதை வைத்திருப்பது, எதை அழிப்பது என்ற அந்த முடிவு கொடுமையானது. ஆனாலும் அதைக் குடும்பமே எடுத்தது. தானாகப் படம்பிடிக்கும் இயந்திரத்தில், என்ன சேர்ந்திருக்கிறது என்பதே தெரியாமல் இருக்கும்போது அந்த முடிவை எப்போது எடுப்பது?

மறுபக்கத்தில் இருப்பவரின் சம்மதம்

ரீகோலை இயக்குவதா இல்லையா என்பதைக் கணினியின் சொந்தக்காரர் தீர்மானிக்கலாம். அவரோடு பேசுகிறவர் தீர்மானிக்க முடியாது. மறையும் செய்தியாக நீங்கள் ஒன்றை அனுப்புகிறீர்கள். உங்கள் தொலைபேசியில் அது மறைந்துவிடும். அதைக் கணினியில் திறந்து வாசித்தவரின் ரீகோலில் அதன் படம் இருக்கலாம்.

இதை முதலில் தடுக்க முயன்ற பெரிய செயலிகளில் ஒன்று சிக்னல். 2025 மே மாதம் அது தன் விண்டோஸ் பதிப்பில், திரையைப் படம் எடுக்க முடியாத ஏற்பாட்டை எல்லோருக்கும் தானாகவே இயங்கச் செய்தது. செயலிகள் ரீகோலிலிருந்து தம்மை விலக்கிக்கொள்ள மைக்ரோசொப்ட் முறையான வழியைத் தரவில்லை என்பதால், திரைப்படங்களைப் பிரதிசெய்யாமல் தடுக்கும் தொழில்நுட்பத்தையே இதற்குப் பயன்படுத்தவேண்டி வந்ததாகச் சிக்னல் சொன்னது. அதன்பின் பிரேவ் என்ற இணைய உலாவியும் தன் பக்கங்களை ரீகோல் பதிவுசெய்யாதபடி தடுத்தது.

காணாமலாக்கப்பட்டவர்களைத் தேடும் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தை எழுதிய ஊடகவியலாளர்கள் எத்தனை பேர், சாட்சியங்களைத் திரட்டிய சட்டத்தரணிகள் எத்தனை பேர். ஒரு தாய் பெயர் வெளியிட வேண்டாம் என்ற நிபந்தனையோடு பேசுகிறார். அந்தப் பெயரைச் செய்தியில் மறைக்கலாம். குறிப்பெடுத்த கணினியில் அது படமாக நின்றால், அந்தத் தாய்க்குக் கொடுத்த வாக்கு என்னாவது? இனிமேல் "பெயர் போடமாட்டோம்" என்று சொல்லும்போது, எந்தக் கணினியில் எழுதுகிறோம் என்பதையும் யோசித்துத்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

ஒரு கணினி, ஒரே ஆள்?

இந்த வசதிகள் எல்லாம் ஒரு கணினிக்கு ஒரு சொந்தக்காரர், அவருக்கு ஒரு முகம் என்ற நினைப்பில் செய்யப்பட்டவை. எங்கள் ஊர்களில் கணினி அப்படிப் பாவிக்கப்படுவதில்லை. வீட்டில் ஒரு மடிக்கணினி என்றால் அண்ணன், தங்கை, ரியூசனுக்கு வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளை எல்லோருக்கும் அது பொது. வீட்டில் கணினி இல்லாதவர்கள் சந்தியிலுள்ள கொம்யூனிகேசன் கடைக்குப் போவார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கான முறைப்பாடு, காணாமல் போனோர் அலுவலகத்துக்கான கடிதம், வெளிநாட்டு வழக்குக்கான ஆவணம் எல்லாம் அங்கேதான் தட்டச்சாகி, ஸ்கான் செய்யப்பட்டு, அனுப்பப்படுகின்றன.

அந்தக் கடைகளில் இன்று இருப்பவை பழைய கணினிகள். ரீகோல் அவற்றில் வராது. ஆனால் நிலைமை இப்படியே இருக்கப்போவதில்லை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 முறையாக ஏறாது. ஆகவே புதியதை வாங்க வேண்டும், அல்லது ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ உறவினர் பாவித்த மடிக்கணினி வரும். அப்படி வரும் கணினியில் முந்தியவர் எந்த வசதியை இயக்கி வைத்தார், எந்தக் கணக்கோடு இணைத்து வைத்தார் என்று யார் பார்க்கிறார்கள்?

கணக்கு என்பது சின்ன விடயமல்ல. புதிய விண்டோஸ் கணினிகளில் முழு வட்டையும் மறைகுறியாக்கும் பூட்டின் மீட்புச் சாவி வழமையாக மைக்ரோசொப்ட் கணக்கிலேயே சேமிக்கப்படுகிறது. அப்படித் தன்னிடம் இருக்கும் சாவியைச் சட்டபூர்வமான உத்தரவு வந்தால் கையளிப்பதாக நிறுவனமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

இனி வரும் முகவர்கள்

2025 நவம்பரில் விண்டோஸ் பிரிவின் தலைவர் பவன் தாவுலுரி, விண்டோஸ் 'முகவர் இயங்குதளமாக' மாறிவருகிறது என்று எக்ஸ் தளத்தில் எழுதினார். கோப்புகளை ஒழுங்குபடுத்துவது, மின்னஞ்சல் அனுப்புவது, படிவம் நிரப்புவது போன்ற வேலைகளை மென்பொருள் முகவர் ஒன்று பின்னால் இருந்து செய்யும் என்பதே இதன் பொருள். வந்த பதில்களில் பெரும்பாலானவை கோபமானவை. இருக்கிற பிழைகளைத் திருத்துங்கள், கேட்காததைத் திணிக்காதீர்கள் என்பது அவற்றின் சாரம்.

எங்கள் ஊரில் முகவர் என்றால் வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரர். கடவுச்சீட்டையும் காசையும் கொடுத்துவிட்டு, அவர் சொல்வதை நம்பிக் காத்திருக்க வேண்டும். கணினி முகவரும் அந்த அளவு நம்பிக்கையைக் கேட்கிறது. ஆவணங்கள், பதிவிறக்கங்கள், படங்கள் வைக்கும் கோப்புறைகளுக்குள் அது போய்வர வேண்டும். விமர்சனத்துக்குப் பிறகு, இதற்கு அனுமதி கேட்கும் முறை சேர்க்கப்பட்டது.

இதிலுள்ள ஆபத்தை மைக்ரோசொப்டே தன் ஆவணத்தில் எழுதியிருக்கிறது. ஒரு கோப்புக்குள் ஒளித்து வைக்கப்பட்ட வாசகம், முகவருக்கு நீங்கள் கொடுத்த கட்டளையை மாற்றிவிடலாம். தரவுகளை வெளியே அனுப்பவோ, தீய மென்பொருளை நிறுவவோ அதைத் தூண்டலாம். உதாரணமாக, யாரோ ஒருவர் ஒரு செயற்பாட்டாளருக்கு அனுப்பும் அறிக்கையில் கண்ணுக்குத் தெரியாத வரி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் அதை வாசிக்கிறார். அவருடைய முகவர் அந்த வரிக்குக் கீழ்ப்படிகிறது. பாதுகாப்பு விளைவுகள் தெரிந்தவர்கள் மட்டும் இயக்குங்கள் என்று நிறுவனம் சொல்கிறது. பரீட்சார்த்தமான இந்த வசதி இயல்பாக நிறுத்தியே வைக்கப்பட்டிருக்கிறது. நிர்வாகக் கணக்கு உள்ளவர் மட்டுமே அதை இயக்கலாம். ஆனால் ஒருமுறை இயக்கினால், அந்தக் கணினியைப் பாவிக்கும் எல்லோருக்கும் அது இயங்கும். கொம்யூனிகேசன் கடைக்கு அந்த விதி என்ன அர்த்தம் தரும் என்பதை விளக்கத் தேவையில்லை.

என்ன செய்யலாம்?

இன்றைக்கே செய்யக்கூடியவை சில உண்டு. கோபைலட் பிளஸ் வகை மடிக்கணினி கைக்கு வந்தால், முதலில் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய் ரீகோல் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் நிறுத்தி, சேர்ந்திருக்கும் படங்களை அழியுங்கள். தேவையில்லையென்றால் விண்டோஸ் அம்சங்களின் பட்டியலில் அதன் சரி அடையாளத்தை எடுத்து முழுதாக அகற்றலாம். பாவித்த கணினி என்றால், விண்டோஸைப் புதிதாக நிறுவிவிட்டுத் தொடங்குவது நல்லது. குரோம், எட்ஜ், பயர்பொக்ஸ் உலாவிகளின் தனிப்பட்ட சாளரத்தில் செய்பவற்றை ரீகோல் சேமிப்பதில்லை. இரகசியமாகப் பேச வேண்டியவரிடம், அவர் எந்தக் கணினியில் வாசிக்கிறார் என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் எல்லாப் பாரத்தையும் பாவனையாளரின் தலையில் ஏற்றிவிட முடியாது. பிரித்தானியாவில் ஒரு அரச நிறுவனம் இரண்டு நாட்களில் கேள்வி கேட்டது. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன்படி அமைக்கப்பட்ட தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையும் இருக்கிறது. சட்டத்தின் முக்கிய பகுதிகளை நடைமுறைப்படுத்துவதோ மீண்டும் மீண்டும் தள்ளிப்போடப்பட்டது. அதேவேளை, பேச்சைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024 பெப்ரவரியிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. எந்தச் சட்டத்துக்கு அவசரம் காட்டப்பட்டது என்பதிலேயே எங்களுடைய நிலைமை தெரிகிறது.

அந்த அதிகாரசபை மைக்ரோசொப்டிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சிக்கலானவை அல்ல. இலங்கையில் விற்கப்படும் கணினிகளில் இந்த வசதிகள் எந்த நிலையில் வருகின்றன? சம்மதம் கேட்கும் வாசகம் தமிழிலும் சிங்களத்திலும் விளங்கும்படி இருக்கிறதா? பலர் பாவிக்கும் கணினியில் ஒவ்வொருவரின் சம்மதமும் எப்படிப் பெறப்படுகிறது? வற்புறுத்தலின் பேரில் திறக்க வேண்டிவந்தால், எல்லாவற்றையும் உடனே அழிக்க வழி இருக்கிறதா?

கடைசிக் கேள்வியை ரெட்மண்டில் இருப்பவர்கள் இதுவரை யோசிக்காமல் இருந்திருக்கலாம். எங்களுடைய ஊடக அமைப்புகளும், சட்டத்தரணிகளும், வெளிநாடுகளில் கணினித் துறையில் வேலை செய்யும் எங்களுடைய பிள்ளைகளும் அதை எழுத்தில் கேட்க வேண்டும். விண்டோஸில் கருத்துச் சொல்வதற்கென்றே ஒரு செயலி இருக்கிறது. ரீகோலின் முதல் வடிவத்தை மாற்றவைத்ததும் இப்படி எழுதப்பட்ட எதிர்ப்புகள்தான்.